டயர் கடையில் ஒரு ஜெபம்

எங்கள் சபையில் யாரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. வேலித் தகராறானாலும் சரி, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையானாலும் சரி, மூப்பர்மார் முன்னால் உட்கார்ந்து பேசி, முழங்கால் போட்டு ஜெபித்து, ஒருவருக்கொருவர் கை கொடுத்துவிட்டு எழுந்து போவோம். விசுவாசி ஒருவன் இன்னொரு விசுவாசியை அவிசுவாசி முன்னால் இழுத்துப் போய் நிறுத்தக் கூடாது. எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. கறுப்புக் கோட்டுக்காரனையும் காக்கிச் சட்டைக்காரனையும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுகிற எவனையுமே நான் நம்பினவன் இல்லை. மூன்றாம் வகுப்போடு ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டப் போனவன் நான். படித்தவன் சிரித்தால் என் கை தானாகவே மடியைத் தொட்டுப் பார்க்கும்.

அதனால் ஒரு புதன்கிழமை மத்தியானம் என் மகள் ரோதா மரச்சீனிக்குத் தோல் உரித்துக்கொண்டே சொன்னது எனக்கு முதலில் விளங்கவேயில்லை.

"அப்பச்சா, வர்ற திங்கட்கிழமை குடும்பக் கோர்ட்டுல மனு குடுக்கப் போறேன். விவாகரத்துக்கு."

அவள் கெசியாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கெசியா என் பேத்தி, ஒன்றாம் வகுப்பு. ரோதாவின் இடது தாடையில் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் மரச்சீனிக் கிழங்கை மெல்லும்போது இன்னும் வலது பக்கம்தான் மெல்லுவாள்.

"மூப்பர்கிட்ட இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம் மோளே" என்றேன்.

"ரெண்டு தடவை பேசியாச்சு. ரெண்டு தடவையும் அந்த மனுஷன் முழங்கால்ல நின்னு அழுதாரு. அவரு ஜெபம் பண்ணினா யாருதான் அழ மாட்டாங்க? நானும்தான் அழுதேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும், 'மூப்பர்மார் முன்னால என்னை நாற வச்சிட்டியேடி'ன்னு அடிச்சாரு. அந்த ஜெபத்துக்கும் சேர்த்து வாங்கினது இந்தத் தாடை."

"இருந்தாலும் வேதத்துல கோர்ட்டு வேண்டாம்னு இருக்கே."

"பொண்டாட்டி தாடையை உடைன்னு எங்க இருக்கு? காட்டுங்க, மனுவைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. மனு குடுக்கிற அன்னைக்கே, பிள்ளையை என்கிட்டயிருந்து யாரும் கொண்டுபோகக் கூடாதுன்னு உத்தரவு கேட்கலாம்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி அவரு காதுக்குப் போச்சுன்னா கெசியாவைத் தூக்கிட்டுப் போயிடுவாரு. எனக்கு, வக்கீலம்மாவுக்கு, அவங்க குமாஸ்தாவுக்கு, இப்ப உங்களுக்கு. வேற யாருக்கும் தெரியாது."

"நான் என்ன ஊர் ஊராப் போய்த் தண்டோரா போடறவனா?" என்று கோபித்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலையில் பால் வெட்டும்போது கை வேலையில் இல்லை. பட்டைக்குள் கத்தி ஆழமாக இறங்கி இரண்டு மரத்தைக் காயப்படுத்திவிட்டேன். கோர்ட்டு பாவம் என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. அந்தத் தாடை இன்னொரு பக்கம். யோசித்து யோசித்துக் கடைசியில் எனக்கு ஒரு வழி தோன்றியது. நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வழிதான். சகோதரன் உனக்குத் தப்பு செய்தால் முதலில் நீ தனியாகப் போய் அவனிடமே சொல்ல வேண்டும். அவன் கேட்டால் சகோதரனை மீட்டுக்கொண்டாய். கேட்காவிட்டால்தான் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவது, பிறகு சபைக்குச் சொல்வது எல்லாம். நாங்கள் மூப்பரிடம் நேரே போனோமே தவிர, அப்பன் என்கிற முறையில் நான் ஒருநாளும் மருமகன் சாம்குட்டியிடம் தனியாகப் போய்ப் பேசவில்லை. முதல் படியை விட்டுவிட்டு மாடி ஏறியிருக்கிறோம், அதனால்தான் எல்லாம் கோணலாகிவிட்டது என்று எனக்குள் தீர்மானம் ஆகிவிட்டது. மகளிடம் சொன்ன வார்த்தை நினைவில் இல்லாமல் இல்லை. ஊர் ஊராகச் சொல்ல மாட்டேன் என்றுதானே சொன்னேன், அவனிடம் சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று நானே எனக்கு வக்கீலாகிவிட்டேன்.

சாம்குட்டிக்குப் பஸ் நிறுத்தம் பக்கத்தில் டயர் கடை. நான் போனபோது ஜீப் டயர் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அப்பச்சா! இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

வெளியே நிற்கிற ஜீப்காரனை, "டீ குடிச்சிட்டு வாடா, குடும்ப விஷயம் பேசணும்" என்று அனுப்பிவிட்டு எனக்கு ஒரு லாரி டயரைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தான். நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன்.

"அவ திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போறா. அதுக்கு முன்னால நீ வந்து அவ காலுல விழுந்தாலும் தப்பில்ல. உண்மையா மனந்திரும்பிட்டேன்னு அவளுக்குத் தோணினா நிப்பாட்டுவா. நான் உன்கிட்ட தனியா வந்து சொல்லணும்னு வேதத்துல இருக்கு, சொல்லிட்டேன்."

அவன் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கிரீஸ் வாடை.

"அப்பச்சன் மட்டும்தான் என்னை மனுஷனா மதிச்சு நேர்ல வந்து சொல்லியிருக்கீங்க. வேற யாரும் இதைச் செய்யல. நாம ஜெபிக்கலாமா?"

டயர்களுக்கு நடுவே முழங்கால் போட்டோம். அவன் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவிசேஷக் கூட்டத்தில் அவன் ஜெபித்தால் சாலையில் போகிற கள் இறக்குகிறவன்கூடத் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். ரோதாவைப் பெண் கேட்டு வந்தபோது அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் சம்மதித்தேன், வேறொன்றும் விசாரிக்கவில்லை. ஊரில் எவனையும் நம்பாதவன் அந்தக் குரலை நம்பினேன். அன்றைக்கும் நம்பினேன். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டும்போது அவன் சொன்னான்.

"மனசு ஒரு நிலையில இல்ல அப்பச்சா. என் அக்கா போன வாரம்தான் கோலாருக்கு வீடு மாறியிருக்கா. அங்க சபைக்கூடத்துக்குப் பின்சுவரை ஒட்டினாப்ல, ஓட்டு வீடு. ரெண்டு நாள் அங்க போய்க் கர்த்தர் பாதத்துல இருந்துட்டு வரலாம்னு பார்க்கிறேன்."

"போயிட்டு வா" என்று தோளில் தட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும்போது மத்தி மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். அத்தனை சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை கெசியா பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை.

ரோதா பால் சங்கத்து வேலையிலிருந்து ஓடி வந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மத்தியானமே அப்பா வந்து, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அழைத்துப் போய்விட்டார் என்றார்களாம். பெற்ற அப்பன் கேட்டால் அவர்கள் எப்படி மறுப்பார்கள்? டயர் கடை ஷட்டர் கீழே கிடந்தது. அவன் வீட்டில் பூட்டு. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

முற்றத்தில் வந்து உட்கார்ந்தவள் அழவில்லை. கெசியா காலையில் கழற்றிப் போட்ட ரப்பர் செருப்பில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு சொன்னாங்க?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. செருப்பைப் பார்த்துக் கேட்டாள்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது.

"வக்கீலம்மா சொல்லியிருக்க மாட்டாங்க" என்று அவளே சொன்னாள். "அந்தக் குமாஸ்தா சதானந்தன்... ஜீப்பு ஸ்டாண்டுல சாம்குட்டி ஆளுங்களோடதான் டீ குடிப்பான்."

"குமாஸ்தாவை எல்லாம் நம்ப முடியுமா மோளே?" என்றேன் நான். "எந்தப் பக்கம் காசு தெரியுதோ அந்தப் பக்கம் சாயறவனுங்க."

என் வாயிலிருந்து வந்தது அதுதான். இவ்வளவு காலமும் வக்கீல், குமாஸ்தா என்று திட்டிப் பழகின நாக்கு, எனக்கு ஒளிய இடம் வேண்டியபோது தானாகவே ஓடிப்போய் அங்கே ஒளிந்துகொண்டது.

சனிக்கிழமை அவள் என்னையும் கூட்டிக்கொண்டு வக்கீல் வத்சலா வீட்டுக்குப் போனாள். முன்னறையில் சதானந்தன் தாளைத் தைத்துக்கொண்டிருந்தான். என் வயதுக்குப் பத்து குறைவாக இருக்கும், ஒரு கால் சாய்த்து நடப்பான். ரோதா அவனைப் பார்த்ததும் கத்திவிட்டாள். என் பிள்ளையை வித்துட்டியே, உன் வீட்டுல பிள்ளை இல்லையா என்றெல்லாம். அவன் ஊசியைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றான்.

"மோளே, இந்த ஆபீசுல சோறு திங்க ஆரம்பிச்சப்ப நீ பிறந்திருக்க மாட்டே. இங்க கேட்டதை நான் என் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொன்னதில்ல. அச்சாயா, நீங்களாவது சொல்லுங்க."

என்னிடம் நியாயம் கேட்டான்! நான் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

வக்கீலம்மா உள்ளேயிருந்து வந்து ரோதாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு சதானந்தனிடம் மெதுவாக, "இது ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் நீங்க வீட்டுலயே இருங்க சேட்டா" என்றார். அவன் தைத்து முடித்திருந்த கட்டை நேராக்கி மேஜையில் வைத்தான். ஊசியைச் சட்டைப் பைக்குள் குத்திக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனான்.

அன்று சாயங்காலமே உதுப்பான் மூப்பரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பழைய பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் சபையில் அவர் சொன்னால் சொன்னதுதான். நான் டயர் கடைக்குப் போனதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இட்டியவிரா, நீ செஞ்சது சரி. இவ்வளவு பேர் சபையில இருக்கோம், வேதப்படி நடந்தது நீ ஒருத்தன்தான்."

திட்டுவார் என்றுதான் நான் போயிருந்தேன்.

"பிள்ளையைக் கொண்டு வந்து விடச் சொல்லுங்க மூப்பரே. உங்க பேச்சைக் கேட்பான்."

"அவனே எனக்குப் போன் பண்ணினான். எங்கேன்னு சொல்லல, நானும் கேட்கல. ரோதா கோர்ட்டுக்குப் போகாம இருந்தா மறுநாளே பிள்ளையோட வந்து நிக்கிறேங்கிறான். ரொம்ப மனசு உடைஞ்சிருக்கான் பாவம்."

"அவ தாடையும்தான் உடைஞ்சது."

"அதுக்கு அவன் சபை முன்னால மன்னிப்புக் கேட்டாச்சு. மன்னிச்சதைத் திரும்பத் தோண்டக் கூடாது." பிறகு குரலை இறக்கினார். "ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதே. அவ கோர்ட்டுக்குப் போனா அவளுக்கு அப்பத்துல பங்கு இல்ல. அவளுக்காக அங்க போய் வாய் திறக்கிறவனுக்கும் இல்ல."

அப்பம் என்றால் எங்களுக்கு என்ன என்று வெளியாளுக்குச் சொன்னால் புரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே அப்பம், ஒரே பாத்திரம், கை மாறிக் கை மாறி வரும். ஐக்கியத்தில் இருக்கிறவன் முன் பெஞ்சில். இல்லாதவன் பின்னால். என் மனைவியை அடக்கம் பண்ணின வாரம்கூட நான் முன் பெஞ்சில்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். "ஏன் அப்பச்சா முகம் இப்படியிருக்கு?" என்று ரோதா கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். கஞ்சியைக் குழையக் காய்ச்சி எடுத்து வந்தாள். எனக்காக!

திங்கட்கிழமை மனு கொடுத்தார்கள். பிள்ளை விஷயம் அவசரம் என்று சொல்லி அந்த வாரத்திலேயே விசாரணை வாங்கினார் வக்கீலம்மா. நான் கோர்ட்டு அறையில் கடைசியில் சுவரோரம் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. ஜட்ஜ் கண்ணாடி போட்ட, குரல் உயர்த்தாத மனுஷன். சாம்குட்டியின் வக்கீல் எழுந்து, குழந்தை அப்பாவோடு பத்திரமாக இருக்கிறது, கட்சிக்காரர் வெளியூர் போயிருக்கிறார், எந்த ஊர் என்று தனக்கே தெரியாது என்றார்.

"உங்க பக்கம் யாருக்காவது தெரியுமா?" என்று ஜட்ஜ் இந்தப் பக்கம் கேட்டார்.

வக்கீலம்மா ரோதாவைப் பார்த்தார். ரோதா இரண்டு கையையும் விரித்தாள். அவள் உள்ளங்கை எனக்குத் தெரிந்தது.

அந்த அறையில் எனக்கு மட்டும்தான் அந்தக் கோலார் வீடு தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் மகள் போய்விடுவாள், ஞாயிற்றுக்கிழமை அப்பமும் போய்விடும். சொல்லாவிட்டால் கெசியா கோலாரில். இதில் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பக்கத்தில் நின்ற போலீஸ்காரன், "என்ன அச்சாயா, மயக்கம் வருதா? வெளிய போய் உட்காருங்க" என்று தோளைத் தொட்டான். வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே வர மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியும்!" என்றேன். சத்தம் அதிகமாகிவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

கூண்டில் ஏற்றினார்கள். ஒருவர் வந்து தெய்வ நாமத்தில் சத்தியம் செய்யச் சொன்னார்.

"சத்தியம் பண்ண மாட்டேன். எங்க ஆளுங்க பண்றதில்ல. ஆமான்னா ஆமா, இல்லேன்னா இல்ல. அவ்வளவுதான்."

"உறுதிமொழி போதும்" என்றார் ஜட்ஜ்.

ஆமான்னா ஆமா என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன்தான், ஒரு வாரமாக வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவன். அது அந்த நிமிஷமே என் மண்டையில் அடித்தது. கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

கோலார், சபைக்கூடத்துப் பின்சுவர், ஓட்டு வீடு, அக்கா. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கத்து வக்கீல் குதித்து எழுந்தார்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவனே சொன்னான். இவ கோர்ட்டுக்குப் போகப் போறான்னு நான் போய் அவன்கிட்டச் சொன்னேன். அப்பச் சொன்னான்."

நான் ரோதாவின் பக்கம் திரும்பவில்லை.

"ஏன் சொன்னீங்க?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"முதல்ல தனியாப் போய் சகோதரன்கிட்டச் சொல்லணும்னு எங்க வேதத்துல இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"இருக்கட்டும். போறதுக்கு முன்னால உங்க மகள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இல்ல" என்றேன்.

அவர் ஏதோ எழுதினார். கோலார் போலீஸ் மூலம் குழந்தையைக் கொண்டு வந்து நிறுத்த உத்தரவு போட்டார். கூண்டிலிருந்து இறங்கும்போது ஒரு படி தவறியது. யாரும் பிடிக்கவில்லை.

வெளியே வராந்தாவில் ரோதா நின்றாள்.

"அந்தக் குமாஸ்தாவை நான் என்னென்ன பேசினேன்" என்றாள். "நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"மோளே..."

"பஸ் வரும். வாங்க."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

மறுநாள் காலை சதானந்தன் வீட்டைத் தேடிப் போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து குடைக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். ரோதா எனக்கு முன்னாலேயே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுவிட்டாளாம். நான் நின்றபடியே சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க சபையில மன்னிப்புக் கேட்டா உடனே கை குடுத்துடணும்னு சொல்லுவாங்க, இல்லையா அச்சாயா?"

"ஆமா."

"நான் உங்க சபை இல்ல. கொஞ்ச நாள் ஆகும். டீ குடிக்கிறீங்களா?"

குடித்தேன். சர்க்கரை அதிகம்.

கெசியா வந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, யாரும் பார்க்கக் கூடாது என்று அங்கே சொல்லி வைத்திருந்தார்கள் போல. வந்ததும் ரோதாவின் நெற்றியையும் கழுத்தையும் தொட்டுத் தொட்டு, காய்ச்சல் இருக்கா என்று பார்த்தாள். இப்போதும் பள்ளிக்கூட வாசலில் அம்மா சேலையை விட மாட்டேன் என்கிறாள். வழக்கு நடக்கிறது. சாம்குட்டிக்கு மாதத்தில் ஒரு நாள் கோர்ட்டு வளாகத்திலேயே பிள்ளையைப் பார்க்க அனுமதி. அப்போதும் அழுகிறானாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன், பின் பெஞ்சுக்கு. அப்பம் முன் வரிசையோடு நின்றுவிடுகிறது. மூப்பர் முகம் கொடுப்பதில்லை. கோர்ட்டுக்குப் போனது பாவமா என்று கேட்டால் எனக்கு இன்னும் தெரியவில்லை. அதற்காகக் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. டயர்களுக்கு நடுவே முழங்கால் போட்டதற்குக் கேட்கிறேன், அது மட்டும் வருகிறது. ஆனால் சபையில் அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குத்தான் என்னைப் பாராட்டினார்களே.

ரோதா எனக்குச் சோறு போடுகிறாள், வெந்நீர் வைத்துத் தருகிறாள், காலில் வெட்டுக்காயம் பட்டால் மருந்து போடுகிறாள். ஒன்றில்தான் மாற்றம். வக்கீலம்மா போன் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் பலாமரத்தடிக்குப் போய்விடுவாள். மழையானாலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கே நின்றுதான் பேசுவாள். முதலில் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது போன் மணி அடித்ததும் நானே எழுந்து, வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு, வேலை இருக்கிறதோ இல்லையோ தோட்டத்துக்குள் போய்விடுகிறேன். அவள் வீட்டுக்குள்ளேயே நனையாமல் நின்று பேசட்டும்.